பைசன்டைன்: ஒரு பேரரசின் பெயர் சிக்கலுக்குப் பெயரானது எப்படி?

கேள்வி: ஆங்கில நாளிதழ் ஒன்றின் தலையங்கத்தில் வரி விதிகளைப் பற்றிச் சொல்லும்போது 'பைசன்டைன் ரூல்ஸ்' என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் புரட்டினால் 'பைசாந்தியப் பேரரசைச் சார்ந்த' என்று ஒரு பொருள், 'மிகச் சிக்கலான' என்று இன்னொரு பொருள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? 'காம்ப்ளிகேட்டட்' என்று எழுதுகிற இடத்திலெல்லாம் இதைப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடக் கூடாது. இந்தச் சொல்லை வைத்து நடக்கிற தவறுகளில் பாதி அங்கேதான் நடக்கிறது.

பைசன்டைன் என்பது எல்லாச் சிக்கலுக்கும் பொதுவான சொல் கிடையாது. மனிதர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு ஏற்பாடு, அதாவது விதிகள், நிர்வாகம், அலுவலக நடைமுறை, கட்சிக்குள் நடக்கிற அதிகாரப் போட்டி, இப்படிப்பட்ட ஒன்று அடுக்குமேல் அடுக்காக வளர்ந்து, வெளியிலிருந்து வருகிறவருக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே புலப்படாமல் இருந்தால், அதற்குத்தான் இந்தச் சொல். ஒரு விண்ணப்பம் கொடுக்கப் போகிறீர்கள், அதற்கு முன் இன்னொரு சான்று வேண்டும் என்கிறார்கள், அந்தச் சான்றை வாங்கப் போனால் முதல் விண்ணப்பத்தின் எண்ணைக் கேட்கிறார்கள், விதிவிலக்கு இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார், அந்த விதிவிலக்குக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு என்று அடுத்த மேசையில் சொல்கிறார்கள். இது பைசன்டைன். மேசைக்கு அடியில் பின்னிக் கிடக்கிற கம்பிகள், அலங்கோலமாகக் கிடக்கிற அலமாரி, கடினமான கணக்கு, இவை எதுவும் பைசன்டைன் ஆகாது.

நம்மிடம் இடியாப்பச் சிக்கல் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதையே சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஓரளவுக்குச் சரிதான், ஆனால் இடியாப்பச் சிக்கலில் யாருடைய திட்டமும் இல்லை, அது தானாகவே பின்னிக்கொண்டது. பைசன்டைன் என்று சொல்லும்போது உள்ளே யாரோ சிலருக்கு வழி தெரியும், அவர்களுக்கு அந்தச் சிக்கலே வசதியாகக்கூட இருக்கலாம் என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. பேச்சுவழக்கில் 'உள்குத்து' என்கிறோமே, அதன் சாயல் இந்தச் சொல்லுக்குள் கொஞ்சம் இருக்கிறது. அரசியல் கட்டுரைகளில் 'பைசன்டைன் பாலிடிக்ஸ்' என்று வந்தால் சிக்கல் என்பதைவிட இந்தச் சாயல்தான் தூக்கலாக இருக்கும், திரைமறைவுப் பேரங்கள், யார் யார் பக்கம் என்று தெரியாத கூட்டணிகள், இந்த மாதிரி. வரி விதிகளைப் பற்றி எழுதினால் அடுக்கடுக்கான சிக்கல் என்பது முன்னால் வரும். உங்கள் தலையங்கத்தில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

சரி, பேரரசுக்கு வருவோம். பைசாந்தியம் என்பது பொஸ்போரஸ் நீரிணைக் கரையில் கிரேக்கக் குடியேறிகள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அமைத்த ஊர். கி.பி. 330-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைத் தன் புதிய தலைநகராக்கினார், அது கான்ஸ்டான்டிநோபிள் ஆனது, இன்றைக்கு இஸ்தான்புல். மேற்கில் ரோமின் ஆட்சி ஐந்தாம் நூற்றாண்டில் முடிந்துபோன பிறகும் கிழக்கே இந்த நகரை மையமாக வைத்துப் பேரரசு தொடர்ந்தது, 1453 மே 29-ல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைப்பற்றும்வரை. அந்தப் பேரரசின் மக்கள் ஒருநாளும் தங்களைப் பைசாந்தியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. கடைசிவரை அவர்கள் தங்களை ரோமர்கள் என்றேதான் சொன்னார்கள். பேரரசு முழுவதற்கும் 'பைசாந்திய' என்ற பெயர் பரவியது அது அழிந்து நூறாண்டு ஆன பிறகு, 1557-ல் ஹியரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் அவர்களுடைய வரலாற்று நூல்களைத் தொகுத்து வெளியிட்டபோது கொடுத்த தலைப்பிலிருந்து. ஆக, பெயரும் மற்றவர்கள் வைத்தது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஏறிய கெட்ட பொருளும் மற்றவர்கள் ஏற்றியது.

கேள்வி: அப்படியானால் அந்தப் பேரரசு உண்மையிலேயே அவ்வளவு குழப்படியாக இருந்ததா, அல்லது யாரோ கிளப்பிவிட்ட கதையா?

பதில்: கொஞ்சம் உண்மை, நிறையக் காழ்ப்பு. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சொல்லைக் கையாளும்போது அது யார் மீது வைத்த பழி என்பதும் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.

உண்மைப் பகுதி முதலில். அரண்மனைச் சடங்குகளும் பட்டங்களும் அங்கே எக்கச்சக்கம். 899-ஆம் ஆண்டில் பிலோதியோஸ் என்ற அரண்மனை அலுவலர் ஒரு கையேடு எழுதினார், பேரரசரின் விருந்தில் எந்தப் பட்டத்துக்காரர் யாருக்கு அடுத்து உட்கார வேண்டும் என்பதற்காகவே எழுதியது அது. பத்தாம் நூற்றாண்டில் ஏழாம் கான்ஸ்டன்டைன் என்ற பேரரசரே அரசவைச் சடங்குகளைப் பற்றிப் பெரிய தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். அரண்மனைச் சதிகளுக்கும் பஞ்சமில்லை. 797-ல் பேரரசி ஐரீன் தரப்பினர் அவருடைய சொந்த மகன் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்களையே குருடாக்கினார்கள், அதன் பிறகு அவரே அரியணையில் அமர்ந்தார். 820-ல் ஐந்தாம் லியோ கிறிஸ்துமஸ் வழிபாட்டின்போது தேவாலயத்துக்குள் வைத்தே கொல்லப்பட்டார். 867-ல் மூன்றாம் மைக்கேலைக் கொன்றுவிட்டு, அவரால் உயர்த்தப்பட்ட முதலாம் பசில் ஆட்சிக்கு வந்தார். இவற்றையெல்லாம் வரிசையாகப் படித்தால் பைசன்டைன் என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் வந்ததில் வியப்பே இல்லை என்று தோன்றும்.

ஆனால் அதே நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பிய அரசுகளிலும் கொலையும் சதியும் நடந்துகொண்டுதான் இருந்தன. அவை எந்த நாட்டின் பெயரையும் பெயரடை ஆக்கவில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசராக இருந்தபோது, பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்துபோயிருந்த ரோமச் சட்ட நூல்கள் யாராலும் படித்து முடிக்க முடியாத அளவுக்குக் குவிந்து கிடந்தன. அவர் ஒரு குழுவை அமைத்து அதையெல்லாம் ஒழுங்குபடுத்தச் சொன்னார். 533-ல் வெளியான 'டைஜஸ்ட்' என்ற தொகுப்பைப் பற்றி அவரே தரும் கணக்குப்படி, ஏறத்தாழ 2,000 நூல்களில் இருந்த 30 லட்சம் வரிகளை 1,50,000 வரிகளாகச் சுருக்கினார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளின் உரிமையியல் சட்டங்களுக்கு அடித்தளம் அந்தத் தொகுப்புதான். சட்டச் சிக்கலை அவிழ்த்துக் கொடுத்தவர்களின் பெயரைத்தான் சட்டச் சிக்கலைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நாணயத்தையும் சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் காலத்தில் வந்த சொலிடஸ் என்ற தங்க நாணயம், பதினொன்றாம் நூற்றாண்டில் தங்கத்தின் அளவு குறையத் தொடங்கும்வரை ஏறத்தாழ 700 ஆண்டுகள் எடையிலும் தரத்திலும் பெரிய மாற்றமில்லாமல் நின்றது. குழப்படியான நிர்வாகத்தால் இதைச் செய்ய முடியாது. வரியை ஒழுங்காகக் கணக்கெடுத்து, ஒழுங்காக வசூலித்து, படைக்கும் அலுவலர்களுக்கும் அதே நாணயத்தில் சம்பளம் கொடுக்கத் தெரிந்த அரசால்தான் முடியும்.

அப்புறம் பழி எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து போனவர்கள் எழுதியதிலிருந்து கொஞ்சம். இத்தாலியிலிருந்து தூதராகப் போன கிரெமோனா ஆயர் லியுட்பிராண்ட் நல்ல உதாரணம். 949-ல் முதல்முறை போனபோது அரசவையில் கர்ஜிக்கிற இயந்திரச் சிங்கங்களையும், பாடுகிற பொற்பறவைகளையும், தானாகவே மேலே உயர்கிற சிம்மாசனத்தையும் பார்த்துவிட்டு வந்து எழுதினார். 968-ல் மறுபடி போனபோது நிலைமை வேறு, மாதக்கணக்கில் காக்கவைத்தார்கள், தங்குமிடம் மோசம், கிளம்பும்போது அவர் வாங்கிவைத்திருந்த ஊதாப் பட்டுத் துணிகளை ஏற்றுமதிக்குத் தடை என்று சொல்லிப் பறிமுதல் செய்துவிட்டார்கள். அந்தக் கோபம் அவருடைய அறிக்கை முழுக்க இருக்கிறது. பைசாந்தியத்தின் மீது மேற்கு ஐரோப்பா வளர்த்துக்கொண்ட எரிச்சலுக்கு அது ஒரு பழைய சாட்சி. கிறிஸ்தவ சபைகளின் பிளவும், 1204-ல் நான்காம் சிலுவைப் போர்ப் படை அந்த நகரையே கொள்ளையடித்ததும் பகையை இன்னும் ஆழமாக்கின. பதினெட்டாம் நூற்றாண்டில் எட்வர்ட் கிப்பன் 1776 முதல் 1788 வரை வெளியிட்ட ரோமப் பேரரசு வரலாற்றில், கிழக்கே நடந்த ஆயிரம் ஆண்டுகளையும் பெரும்பாலும் சரிவின் கதையாகவே எழுதினார். ஆங்கிலம் படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் படித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில், 1930-களையொட்டி, 'பைசன்டைன்' என்று எழுதினாலே நாட்டைக் குறிக்காமல் சிக்கலைக் குறிக்கிற வழக்கு ஆங்கிலத்தில் நிலைபெற்றது.

அதற்காக இந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விதிகளையும் நிர்வாகத்தையும் குறை சொல்வதற்கு இவ்வளவு கச்சிதமான சொல் ஆங்கிலத்தில் வேறு இல்லை. ஆனால் கலையையும் சமயத்தையும் பற்றிப் பேசும்போது இதே சொல் வந்தால் அங்கே குறை எதுவும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். 'பைசன்டைன் ஆர்ட்' என்றால் இத்தாலியில் உள்ள ராவென்னா நகரின் சான் விட்டாலே தேவாலயத்தில் இருக்கிற பொன் மொசைக்குகள், 537-ல் கட்டிமுடித்த ஹாகியா சோபியாவின் மாபெரும் குவிமாடம், இவைதான். அங்கே போய்ச் 'சிக்கலான கலை' என்று மொழிபெயர்த்தால் பொருளே கெட்டுவிடும்.

கேள்வி: எப்படி உச்சரிப்பது? ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். முதல் எழுத்து பெரிய எழுத்தா?

பதில்: பைசன்டைன், பிசன்டைன், பிஸன்டீன் எல்லாமே ஏற்கப்பட்டவை. அழுத்தத்தை முதல் அசையில் வைப்பவர்களும் உண்டு, இரண்டாவது அசையில் வைப்பவர்களும் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லுங்கள், போதும். பேரரசைக் குறித்தால் கட்டாயம் பெரிய எழுத்து. சிக்கல் என்ற பொருளில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் சின்ன எழுத்துதான் நல்லது, படிக்கிறவர் பேரரசை நினைத்துக் குழம்ப மாட்டார்.

கேள்வி: காம்ப்ளெக்ஸ், காம்ப்ளிகேட்டட், கான்வலூட்டட், லேபரிந்தைன், மெஸ்ஸி, தார்னி... எல்லாமே சிக்கல்தானே? எதை எங்கே போடுவது?

பதில்: எது சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வந்துவிடும். காம்ப்ளெக்ஸ் என்பதில் குறை இல்லை, பல பகுதிகள் சேர்ந்தது என்று மட்டும்தான் சொல்கிறது, மனித மூளையைக் காம்ப்ளெக்ஸ் என்பார்கள். காம்ப்ளிகேட்டட் என்றால் கையாளக் கஷ்டம் என்கிற சலிப்பும் சேர்கிறது. இன்ட்ரிகேட் பாராட்டு, நுணுக்கமான வேலைப்பாட்டுக்கு உரியது, அதை வரி விதிக்குப் போட்டால் விதி போட்டவரைப் புகழ்ந்த மாதிரி ஆகிவிடும்.

கான்வலூட்டட் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் பைசன்டைனோடு அதிகம் குழப்பிக்கொள்வது அதைத்தான். ஒன்றாகச் சுருட்டுவது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, மூளையின் மடிப்புகளுக்கும் அதே பெயர். ஒரு வாதம், ஒரு கதை, ஒரு விளக்கம், ஒரு வாக்கியம், நேராகச் சொல்ல வேண்டியதைச் சுற்றிவளைத்துச் சொன்னால் அது கான்வலூட்டட். அதாவது ஒருவர் தனியாகவே உண்டாக்கிவிடக்கூடிய சிக்கல். பைசன்டைன் என்றால் அதற்கு ஓர் அமைப்பு தேவை, காலமும் தேவை. ஒரு நிறுவனத்தின் விடுப்பு விதிகள் பைசன்டைன், அந்த விதிகளை விளக்கி மேலாளர் அனுப்பிய கடிதம் கான்வலூட்டட், இப்படி ஒரே இடத்தில் இரண்டும் வரலாம்.

லேபரிந்தைன் என்பது கிரேக்கப் புராணத்தில் மினோடாரை அடைத்துவைத்த புதிர்ப்பாதையிலிருந்து வந்தது. வழி தவறிப்போகும் என்ற உணர்வு அதில் முக்கியம், அதனால் சந்துகளுக்கும் கட்டடத் தாழ்வாரங்களுக்கும்கூடப் பொருந்தும், அங்கே பைசன்டைன் பொருந்தாது. மெஸ்ஸி அன்றாடச் சொல், அறைக்கும் பொருந்தும், விவாகரத்துக்கும் பொருந்தும். தார்னி முள் போலத் தொட்டால் குத்துகிற பிரச்சினைக்கு. நாட்டி (knotty, முடிச்சு விழுந்த) அவிழ்க்கக் கடினமான கேள்விக்கு, ஆனால் இதை வாயால் சொல்லும்போது குறும்புக்காரன் என்ற பொருள் தருகிற இன்னொரு நாட்டி காதில் விழுந்துவிடும், எழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காஃப்காயெஸ்க் என்ற சொல்லையும் சிலர் பைசன்டைனுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். எழுத்தாளர் காஃப்காவின் பெயரிலிருந்து வந்தது அது. காரணமே தெரியாமல் ஒரு மனிதனை நசுக்குகிற அதிகாரத்தைக் குறிக்கும். அங்கே பயம் இருக்க வேண்டும். படிவம் நீளமாக இருந்தால் மட்டும் போதாது.

கேள்வி: நான் கணினித் துறையில் இருக்கிறேன். எங்கள் வேலையில் 'பைசன்டைன் ஃபால்ட்' என்று வருகிறது. அதுவும் சிக்கலான பிழை என்ற பொருள்தானா?

பதில்: இல்லை, நல்ல கேள்வி. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவிய சொல் இது. ஒரு நகரைச் சுற்றி முற்றுகையிட்ட பைசாந்தியப் படைத்தளபதிகள் தூதுவர்கள் மூலமாக மட்டுமே பேசிக்கொள்ள முடியும், எல்லாரும் ஒரே முடிவெடுத்தால்தான் தப்பிக்கலாம், ஆனால் சிலர் துரோகிகள், ஆளுக்கு ஒரு பொய்யாகச் சொல்லி அனுப்புவார்கள். நேர்மையானவர்கள் எப்படி ஒரே முடிவுக்கு வருவது என்பதுதான் கேள்வி. சாதாரணச் செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானவர்கள் நேர்மையாக இருந்தால்தான் முடியும் என்று அவர்கள் நிறுவினார்கள், மூன்று பேரில் ஒருவர் துரோகி என்றால் முடியாது, நான்கு பேரில் ஒருவர் என்றால் முடியும்.

ஆக அங்கே பைசன்டைன் என்றால், நின்றுபோகாமல் ஓடிக்கொண்டே ஆளுக்கு ஒரு தகவல் தருகிற பழுது. நின்றுபோன கணினியைக் கண்டுபிடிப்பது எளிது, ஒருவரிடம் ஆம் என்றும் இன்னொருவரிடம் இல்லை என்றும் சொல்கிற கணினியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பெயர் வைத்த கதையும் சுவையானது. லாம்போர்ட் முதலில் அல்பேனியத் தளபதிகள் என்று வைக்க நினைத்தாராம், அப்போது அல்பேனியா வெளியுலகத் தொடர்பே இல்லாமல் மூடிக்கிடந்த நாடு, யாருக்கும் மனவருத்தம் வராது என்று எண்ணியிருக்கிறார். அல்பேனியர்கள் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள் என்று உடன் பணியாற்றிய ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பைசாந்தியரைத் தேர்ந்தெடுத்தார். புண்படுவதற்கு யாரும் மிச்சமில்லாத நாடு என்பதால் மறுபடியும் அவர்கள் தலையிலேயே பழி விழுந்தது.

கேள்வி: மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்திருக்கிறேன், ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன், சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, காப்பீட்டுத் தொகை கோரும் நடைமுறை பைசன்டைன். இரண்டு, என் தலைமுடி இன்று காலை பைசன்டைன். மூன்று, அவர் ஒரு பைசன்டைன் மனிதர்.

பதில்: முதல் வாக்கியம் அப்படியே சரி, கை வைக்க ஒன்றும் இல்லை. இரண்டாவதில் டாங்கிள்ட் என்று மாற்றுங்கள், முடிக்கு விதிமுறைகள் கிடையாது. மூன்றாவதுதான் யோசிக்க வைக்கிறது. இலக்கணப்படி தவறில்லை, ஆனால் ஆளைக் குறிக்க இந்தச் சொல்லை அப்படி எழுதும் வழக்கம் அரிது, வரலாற்று நூலில் வந்தால் அந்தப் பேரரசின் குடிமகன் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். சூழ்ச்சிக்காரர் என்று சொல்ல நினைத்திருந்தால் ஸ்கீமிங் என்று எழுதலாம், மாக்கியவெல்லியன் என்றும் எழுதலாம். அவர் நடத்துகிற அலுவலகம் தலைசுற்ற வைக்கிறது என்று சொல்ல நினைத்திருந்தால், ஆளை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் பைசன்டைன் போடுங்கள்.